உங்கள் சைக்கிள் நம்பர் என்ன?

கடைசியாக எப்போது சைக்கிள் மிதித்தீர்கள்? காலேஜ் படிக்கும்போதா? சரி, இப்போது டாக்டர் சொன்னார் என்று புது சைக்கிள் வாங்கியாச்சு. முதல் ஞாயிறே நண்பர்களோடு, 'சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை போயிட்டு வந்துடலாம்' என்று கிளம்பிவிடுகிறீர்கள். போக, வர நூறு கிலோமீட்டருக்கு மேல்!

திங்கட்கிழமை மாடிப்படி இறங்க முடிவதில்லை. முழங்கால் 'விண் விண்' என்று தெறிக்கிறது. அப்புறம் என்ன... ஒரே மாதத்தில் அந்த சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடத்தான் உதவும்.

தூரமாகப் போக ஆசைப்படுவது நல்லதுதான். இலக்கு வைத்த விதம்தான் தப்பு. சரியான இலக்கு வைக்க சுவையான ஒரு கணக்கு இருக்கிறது.

விஞ்ஞானி போட்ட கணக்கு

ஆர்தர் எடிங்டன், இங்கிலாந்தின் பெரிய வானியல் மேதை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு வாங்கினாரே சந்திரசேகர், அவருடைய ஆராய்ச்சியை 1935-ல் சபையில் எல்லார் முன்னிலையிலும் கேலி செய்தவர் இவரேதான்! ஆனாலும் இருவருக்கும் நட்பு முறியவில்லை. சந்திரசேகருக்கு எழுதிய கடிதங்களில் தன்னுடைய சைக்கிள் கணக்கையும் மறக்காமல் எழுதுவார் எடிங்டன்.

கணக்கு ரொம்ப சுலபம். குறைந்தது 10 கி.மீ. வீதம் 10 நாட்கள் ஓட்டியிருந்தால் உங்கள் நம்பர் 10. குறைந்தது 20 கி.மீ. வீதம் 20 நாட்கள் ஓட்டியிருந்தால் 20. தொடர்ந்து 20 நாள் ஓட்ட வேண்டும் என்பதில்லை. எத்தனை மாதத்தில் சேர்ந்தாலும் சரி.

எடிங்டன் மைலில் கணக்கு வைத்தார். 1938-ல் அவருடைய நம்பர் 75. அதாவது சுமார் 120 கி.மீ. வீதம் 75 நாட்கள்! அப்போது அவருக்கு வயது 55.

இதில் உடம்புக்கு என்ன நன்மை? ஒரே நாளில் நூறு கி.மீ. ஓட்டினாலும் நம்பர் ஒன்றுக்கு மேல் ஏறாது. தினமும் 3 கி.மீ. மட்டும் ஓட்டினால், வருஷம் முழுக்க ஓட்டினாலும் நம்பர் 3-ஐத் தாண்டாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி, விடாமல் ஓட்டுகிறவருக்குத்தான் நம்பர் ஏறும். இதயமும் தசைகளும் பலப்படுவதும் அதே வழியில்தான்.

ஒரு சின்ன தந்திரம்: சரியாக 20 கி.மீ. ஓட்டி நிறுத்தினால், அந்த நாள் 21-க்கான கணக்கில் சேராது. எப்போதும் இரண்டு, மூன்று கி.மீ. கூடுதலாகவே ஓட்டி வையுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

முதல் இரண்டு வாரம், வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். ஆறேழு கி.மீ. வரும. பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

பிறகு வாரத்தின் மொத்த தூரத்தில் சுமார் பத்து சதவிகிதம் மட்டும் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைக் குறைத்து, உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட தூரம், மற்ற இரு நாள் குறைவு என்று பிரித்துக்கொண்டால், மூன்று நான்கு மாதத்தில் ஞாயிறு தோறும் 30 கி.மீ. ஓட்டுவது சாத்தியம்தான்.

வலி சொல்லும் சேதி

சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் சீட் உயரம்.

கனமான கியரில் மாங்கு மாங்கென்று மிதிக்காதீர்கள். லேசான கியரில், நிமிடத்துக்கு 70, 80 சுற்று சுற்றட்டும். மூட்டு பிழைக்கும்.

கை மரத்துப்போகிறதா? ஹேண்டில்பாரில் பிடியை அடிக்கடி மாற்றுங்கள். தொடையிடுக்கில் மரத்துப்போனால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சீட்டிலிருந்து எழுந்து மிதியுங்கள். சீட்டின் சாய்வை மாற்றிப் பாருங்கள். அப்படியும் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

தண்ணீரும் தீனியும்

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால், கால் மணிக்கு ஒரு தரம் சில மடக்கு குடியுங்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. அதனால் நீண்ட தூரத்துக்கு வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். ஓ.ஆர்.எஸ். கரைசலும் இருக்கட்டும். ஒன்றரை மணியைத் தாண்டினால் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ அவசியம்.

இவர்கள் கவனம்!

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சிலவகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஓட்டும்போதே சர்க்கரை இறங்கலாம். அன்று ராத்திரி தூக்கத்தில்கூட இறங்கலாம். கிளம்பும் முன் சோதியுங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாமல் டாக்டரைக் கேளுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் பி.பி., சர்க்கரை, புகைப்பழக்கம் உள்ளவர்கள், தூரத்தைக் கூட்டும் முன் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வழியில் நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறாக மூச்சுத்திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 'வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்' என்று திரும்பவும் மிதிக்கவே கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஹெல்மெட், பின்பக்கம் சிவப்பு விளக்கு, இந்த இரண்டும் இல்லாமல் விடியற்காலையில் ரோட்டில் இறங்காதீர்கள்.

சமையலறை காலண்டரில் எழுதுங்கள்

ஓட்டிய தூரத்தை அன்றன்றே காலண்டரில் குறியுங்கள். வீட்டில் ஆளுக்கொரு நம்பர் இருக்கட்டும். பையனுக்கு 25, அம்மாவுக்கு 12 என்றால், அம்மாவின் போட்டி 13-உடன்தான், பையனுடன் அல்ல.

1938 ஈஸ்டர் விடுமுறையில் எடிங்டன் இரண்டு நாள் 74¾ மைல் ஓட்டினார். கால் மைல் குறைந்ததால் அந்த இரண்டு நாளும் கணக்கில் சேரவில்லை என்று சந்திரசேகருக்கு வருத்தத்தோடு எழுதினார். யார் பார்க்கப் போகிறார்கள்? 75 என்று போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. உங்கள் காலண்டரிலும் ஓட்டிய தூரத்தையே எழுதுங்கள்... வருகிற ஞாயிறு, வெறும் 6 கி.மீ. என்றாலும் பரவாயில்லை!