டிவைஸ் செத்துவிட்டதா, லினக்ஸுக்குத் தெரியவில்லையா?

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் வை-ஃபை வரவில்லை என்றால், "பார்ட் போய்விட்டது" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் கம்ப்யூட்டரையே கேட்டுப் பார்க்கலாம். கேட்கத் தெரிந்தால் அது பதில் சொல்லும். எப்படிக் கேட்பது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

திருச்சுழியில் இருக்கும் என் சித்தி மகளிடம் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் அவள் அண்ணனுக்குக் கிடைத்தது. அந்த லேப்டாப்கள் விண்டோஸோடு, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தன. பிறகு அதில் வேறொரு லினக்ஸை நிறுவினார்கள். அன்றிலிருந்து வை-ஃபை இல்லை.

"அண்ணே, கடையில மதர்போர்டு போயிருச்சுங்கறாங்க. 4,000 ரூபாய் ஆகுமாம்" என்று போனில் சொன்னாள். இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்த இரண்டே நாள் பாக்கி. அவ்வளவு நீளப் பட்டியலை போனின் சின்னத் திரையில் மேலும் கீழும் நகர்த்தினால் தப்பு வர வாய்ப்பு அதிகம். அருப்புக்கோட்டையிலிருந்து அன்று மாலையே பஸ் ஏறினேன்.

லினக்ஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பிசிஐ டிவைஸும், வெளியே செருகும் ஒவ்வொரு யுஎஸ்பி டிவைஸும் தன்னிடம் இரண்டு எண்களை வைத்திருக்கும். ஒன்று தயாரித்த நிறுவனத்தின் எண், இன்னொன்று மாடல் எண். உதாரணமாக, பிசிஐயில் இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. கெர்னல் இந்த எண்களைப் படித்து அறிவிக்கும். யுடெவ் என்ற புரோகிராம் அந்த எண்களுக்குப் பொருத்தமான டிரைவரை ஏற்றச் செய்யும். 2003இல் வந்த இந்த யுடெவ், 2012இல் சிஸ்டம்-டி தொகுப்போடு இணைக்கப்பட்டது.

சில டிவைஸ்களுக்கு டிரைவர் மட்டும் போதாது, ஃபர்ம்வேர் என்ற ஃபைலும் வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தறியை வைத்துச் சொன்னால் புரியும். தறி இருக்கிறது, நெசவாளியும் வந்துவிட்டார், ஆனால் ஜக்கார்டு அட்டை இல்லை என்றால் டிசைன் விழாது. சிப்தான் தறி, டிரைவர்தான் நெசவாளி, ஃபர்ம்வேர்தான் அட்டை.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

டெர்மினலைத் திறந்துகொள்ளுங்கள். கீழே எழுத்து எழுத்தாகச் சொல்லும் கட்டளைகளை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் டைப் செய்து எண்டர் கீயை அழுத்துங்கள். பாஸ்வேர்டு கேட்டால், டைப் செய்யும்போது சில லினக்ஸ்களில் திரையில் ஒன்றும் தெரியாது. பயப்பட வேண்டாம், முழுவதும் டைப் செய்து எண்டர் கொடுங்கள்.

1. டிவைஸ் கண்ணில் படுகிறதா? "எல் எஸ் பி சி ஐ" என்று சேர்த்து டைப் செய்து, ஓர் இடம் விட்டு, ஹைபன் போட்டு, அதை ஒட்டி "கே" சேர்க்கவும். வரும் பட்டியலில் "நெட்வொர்க் கண்ட்ரோலர்" என்ற வரியைத் தேடுங்கள். யுஎஸ்பி டிவைஸ் என்றால் "எல் எஸ் யு எஸ் பி" போதும். பட்டியலில் பெயரே இல்லையென்றால் ஹார்டுவேர் மீது சந்தேகப்பட வேண்டும். அப்போதும் பயாஸில் அது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கரிசல் காட்டுப் புழுதிக்கு, கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியாகிவிடுவதும் உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும்.

2. டிரைவர் சேர்ந்திருக்கிறதா? அதே பட்டியலில், டிவைஸ் பெயருக்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருந்தால் டிரைவர் வேலையில் இருக்கிறது. "கெர்னல் மாட்யூல்ஸ்" வரி மட்டும் இருந்தால், டிரைவர் இருந்தும் டிவைஸோடு சேரவில்லை.

3. ஃபர்ம்வேர் கிடைத்ததா? "எஸ் யு டி ஓ", இடம், "டி எம் இ எஸ் ஜி" என்று கொடுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆனதிலிருந்து கெர்னல் எழுதிய குறிப்புகள் வரும். ஃபர்ம்வேர் என்ற சொல்லும், எர்ரர் -2 என்பதும் ஒரே வரியில் இருந்தால், கேட்ட ஃபைல் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

4. யாராவது அணைத்துவைத்தார்களா? "எஸ் யு டி ஓ", இடம், "ஆர் எஃப் கே ஐ எல் எல்". "சாஃப்ட்" என்ற இடத்தில் தடை இருந்தால், அதே கட்டளையின் பின்னால் இடம் விட்டு "அன்பிளாக்", மறுபடி இடம் விட்டு "ஆல்" என்ற ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தால் விலகும். "ஹார்டு" என்ற இடத்தில் தடை இருந்தால் லேப்டாப்பின் ஓரத்தில் உள்ள சுவிட்சையோ வை-ஃபை கீயையோ பாருங்கள்.

திருச்சுழியில் என்ன நடந்தது?

முதல் கேள்வியிலேயே வை-ஃபை சிப்பின் பெயர் பளிச்சென்று வந்தது. முழுவதும் செத்த சிப் பெயர் சொல்லாது. இரண்டாவதில் மாட்யூல்ஸ் வரி மட்டும் இருந்தது. மூன்றாவதில் எர்ரர் -2. அட்டை இல்லாத தறி!

இன்டர்நெட் இல்லாமல் ஃபர்ம்வேரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் "யுஎஸ்பி டெதரிங்" ஆன் செய்தேன். லினக்ஸ் போனை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொண்டது. தங்கை முதலில் தன் பட்டியலை முடித்துச் சமர்ப்பித்தாள். பிறகு ஃபர்ம்வேரை நிறுவி ரீஸ்டார்ட் செய்தோம். வை-ஃபை வந்துவிட்டது. மொத்தச் செலவு பஸ் டிக்கெட்தான்.

உங்கள் லினக்ஸில்

லினக்ஸ் மின்ட்டில் "டிரைவர் மேனேஜர்", உபுண்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்" ஆகியவற்றைத் திறந்தால் கூடுதல் டிரைவர்கள் இருந்தால் காட்டும். டெபியனில் ரியல்டெக், ஏதெரோஸ் என்று சிப் வாரியாக ஃபர்ம்வேர் பேக்கேஜ்கள் தனித்தனியாக உண்டு. மூல நிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரை டெபியன் முன்பு தன் வழக்கமான இன்ஸ்டால் டிஸ்க்கில் சேர்ப்பதில்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது சேர்ந்தே வருகிறது. பழைய டிஸ்க்கை வைத்து நிறுவுபவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்த முறை யாராவது "பார்ட் மாற்ற வேண்டும்" என்றால், பணத்தை எடுக்கும் முன் முதல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் மற்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் பார்ட்டை மாற்றாதீர்கள்.