பழைய மடிக்கணினியும் அறுபடும் இணைப்பும்

2024ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் நம் சங்க அலுவலகத்தில் நேர்ந்த சிரமத்தை அங்கத்தினர் பலர் அறிவர். கூலிப் பட்டியலை வங்கிக்கு அனுப்பும் நாளன்று, பாதிப் பட்டியல் ஏறிய நிலையில் மடிக்கணினியின் வைஃபை இணைப்பு அறுந்துவிட்டது. மீண்டும் இணைத்தோம், மீண்டும் அறுந்தது. மாலை வரை முயன்றும் பட்டியல் போய்ச் சேரவில்லை. பண்டிகைச் செலவுக்கு அக்கூலியையே நம்பியிருந்த குடும்பங்கள் இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தது.

அக்கணினி 2012ஆம் ஆண்டில் வாங்கியது. "பழையதாகிவிட்டது, புதியது வாங்குவோம்" என்ற யோசனை நிர்வாகக் குழுவில் எழுந்தது இயல்பே. ஆயினும் சங்கத்தின் பணம் அங்கத்தினரின் பணம். தறியில் இழை அடிக்கடி அறுந்தால் நாம் தறியை விற்றுவிடுவதில்லை. கஞ்சியைப் பார்க்கிறோம், அச்சைப் பார்க்கிறோம், விழுதைப் பார்க்கிறோம். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் கிணற்றைத் தூர்த்துவிடுவதில்லை. தலைமடையிலிருந்து வாய்க்காலோரமாக நடந்து உடைப்பு எங்கே என்று காண்கிறோம். அம்முறையையே இங்கும் கையாண்டோம். மற்றச் சங்கங்களுக்கும் வீடுகளுக்கும் பயன்படும் என்று அதனை இங்கே பாடமாகத் தருகிறோம்.

1. உடைப்பு எந்த மடையில்?

இணைய இணைப்பு நம்மிடம் வந்து சேரும் வழியில் மூன்று பகுதிகள் உண்டு. தெருவிலிருந்து ரவுட்டர் வரை வரும் கம்பி முதலாவது. ரவுட்டருக்கும் கணினிக்கும் இடையே உள்ள காற்றுவெளி இரண்டாவது. கணினியினுள் இருக்கும் வைஃபை அட்டையும் அதனை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருளும் மூன்றாவது. எந்தப் பகுதியில் குறை என்று அறியாமல் செய்யும் செலவெல்லாம் வீண் செலவாகும்.

இணைப்பு அறும் வேளையில் அதே ரவுட்டருடன் இணைந்த கைப்பேசி ஒன்றை எடுத்து, அதன் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டும். கைப்பேசியிலும் இணையம் இல்லையேல் குறை பெரும்பாலும் கம்பியிலோ ரவுட்டரிலோ இருக்கும். சேவை தருவோரிடம் முறையிடலாம். அடுத்து, கணினியை ஒரு நாள் முழுதும் கேபிள் வழியாக ரவுட்டருடன் இணைத்து வேலை செய்ய வேண்டும். கேபிளில் அறாமல் ஓடி வைஃபையில் மட்டும் அறுமாயின், குறை காற்றுவெளியிலோ அட்டையிலோ இருக்கிறது. பின்னர்க் கேபிளை அகற்றி, ரவுட்டருக்கு இரண்டு அடி தூரத்தில் கணினியை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே நன்றாக ஓடித் தம் மேசையில் ஓடாவிட்டால் காற்றுவெளியே காரணம்.

நாம் செய்த சோதனையில் கேபிள் இணைப்பு ஒருமுறையும் அறவில்லை. ரவுட்டருக்கு அருகே அறுவது குறைந்தது. ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. ஆகவே குறை ஒன்றன்று, இரண்டு என்று தெளிந்தோம்.

2. காற்றுவெளியில் உள்ள குறை

வைஃபை பொதுவாக இரண்டு அலைவரிசைகளில் நடக்கிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு முதலாவது மட்டுமே தெரியும். நம்முடையதும் அவ்வகையே. புதிய கைப்பேசிகளோ இரண்டையும் அறியும். இதில் ஒரு மயக்கம் உண்டு. கைப்பேசி 5இல் நன்றாக ஓடுவதைக் கண்டு, "காற்றுவெளி சரி, கணினிதான் கெட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். நாமும் முதலில் அவ்வாறே ஏமாந்தோம். கைப்பேசியை 2.4இல் இணைத்துப் பார்த்தபோது அதுவும் தடுமாறியது! சோதிக்கும்போது இரண்டு கருவிகளும் ஒரே அலைவரிசையில் இருத்தல் அவசியம்.

2.4இல் நம் நாட்டில் 13 தடங்கள் உள்ளன. ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஆனால் பேச்சு பரவும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். ஆதலால் அடுத்தடுத்த தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஒன்றையொன்று தீண்டாதவை என்று வழக்கமாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றே. அண்டைக் கடைகளின் ரவுட்டர்கள் எந்தத் தடத்தில் உள்ளன என்று காட்டும் கைப்பேசிச் செயலிகள் உண்டு. பார்த்தபோது, பக்கத்துக் கடைகள் பெரும்பாலும் 6இல் இருந்தன. நம்முடையதும் 6இலேயே இருந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதனை 1க்கு மாற்றி, அகலத்தையும் 40இலிருந்து 20க்குக் குறைத்தோம்.

அடுத்தது ரவுட்டரின் இடம். நம்முடையது இரும்பு பீரோவின் பின்னே, தரையில் கிடந்தது. இரும்பு இவ்வலைகளை மறைக்கும். தண்ணீர்த் தொட்டியும் ஈரச் சுவரும் உறிஞ்சும். அதனை எடுத்து, பீரோவுக்கு இப்பால், சுவரில் ஆள் உயரத்தில் மாட்டினோம். கணினி மேசையில் அலையின் வலிமை மைனஸ் 78 டிபிஎம் என்ற அளவிலிருந்து மைனஸ் 58 ஆயிற்று. இக்கணக்கில் 10 கூடினால் வலிமை பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. ஓர் ஆணியும் அரை மணி நேரமும் தவிர வேறு செலவில்லை.

மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் இதே அலைவரிசையைச் சார்ந்தவை. யூஎஸ்பி 3.0 வகை ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4இல் இரைச்சல் எழுப்பும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட அறிக்கை விளக்குகிறது. அத்தகைய டிஸ்க்கை மாட்டும்போது மட்டும் இணைப்பு அறுந்தால் காரணம் அதுவே எனக் கொள்ளலாம்.

3. கணினியினுள் உள்ள குறை

இவற்றுக்குப் பின்னும், கணக்கர் பேரேட்டைப் புரட்டிக்கொண்டு கணினியைச் சில நிமிடம் தொடாமல் இருந்தால், இணைப்பு அறுந்தே இருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை அட்டையைக் கணினியே உறங்க வைப்பதும், பழைய அட்டைகள் சில எழும்போது தடுமாறுவதும் இதன் காரணம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் வைஃபை அட்டையைத் தெரிந்து, பவர் மேனேஜ்மென்ட் என்னும் பக்கத்தில், மின்சாரச் சிக்கனத்துக்காக இச்சாதனத்தை நிறுத்த அனுமதிக்கும் கட்டத்திலுள்ள குறியை நீக்க வேண்டும். நமக்கு இரண்டாவது குறை இதனோடு தீர்ந்தது.

தீராவிடில் டிரைவரைப் பார்க்க வேண்டும். கணினி தயாரித்தவரின் தளத்திலிருந்தோ அட்டை தயாரித்தவரின் தளத்திலிருந்தோ மட்டுமே அதனை எடுத்தல் நலம். பழையதை நீக்குமுன் புதியதைக் கேபிள் வழியாக இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். புதுப்பித்த பின்னரே தொல்லை தொடங்கியதாயின் முந்தியதற்குத் திரும்பலாம். புதிய ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய அட்டைக்கு அது புரியாமற்போகலாம். டபிள்யூபிஏ2க்கு மாற்ற வேண்டும். கடவுச்சொல்லையே எடுத்துவிடுவது மட்டும் கூடாது. மூடியை அசைக்கும்போது அலை ஏறி இறங்கினால், கீல் வழியாக மூடிக்குச் செல்லும் மெல்லிய ஆன்டெனாக் கம்பி நைந்தோ கழன்றோ இருக்கலாம். அதனைப் பழுதுபார்ப்பவரிடம் விடுதல் நன்று.

4. செலவு செய்ய வேண்டி வந்தால்

முதலில் கேபிள். அது 100 மீட்டர் வரை செல்லும். ஓரிடத்திலேயே இருக்கும் கணினிக்கு அதைவிட உறுதியான இணைப்பு இல்லை. அடுத்து, இரண்டு அலைவரிசையும் அறிந்த யூஎஸ்பி வைஃபை அடாப்டர். உள் அட்டையை மாற்றுவது மூன்றாவது. சில கணினிகள் தம் தயாரிப்பாளர் ஏற்காத அட்டையை மறுத்துவிடும், ஆகவே விசாரித்த பின்னரே வாங்க வேண்டும்.

ஒன்றை மறைத்தல் தகாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. இணைப்பு சீரானாலும், அதில் வங்கி வேலையைத் தொடரலாமா, லினக்ஸுக்கு மாறலாமா, புதுக்கணினி வாங்கலாமா என்பது பேரவை தனியே ஆராய வேண்டிய விஷயம். புதியது வாங்குவதானால் அந்த உண்மையான காரணத்துக்காக வாங்குவோம். பீரோவின் பின்னே கிடந்த ரவுட்டருக்காக வாங்க வேண்டாம்.

5. ஒரு மாற்றம், ஒரு குறிப்பு

பாடத்தின் சாரம் இதுவே: ஒரு சமயத்தில் ஒரே மாற்றம். ஒரே நாளில் ஐந்தை மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. தொல்லை திரும்பினால் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டும். இணைப்பு அறுந்த தேதி, மணி, இடம், அப்போது செய்த வேலை, பின்னர் செய்த மாற்றம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். நம் அலுவலக நோட்டில் கடைசி மாற்றத்துக்குப் பின் மூன்று வாரம் வரை எழுத ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த மாதக் கூலிப் பட்டியல் ஒரே முயற்சியில் சென்றது.

படிப்பு வட்டத்தில் பேசுவதற்கு

1. கைப்பேசியில் இணையம் நன்றாக ஓடினால் கணினியே கெட்டது என்று கொள்ளலாமா? ஏன்?
2. உங்கள் சங்கத்தின் ரவுட்டர் எங்கே இருக்கிறது? அதற்கும் கணினிக்கும் இடையே என்னென்ன உள்ளன?
3. கூலி நாளன்று இணைப்பு அறுந்தால் பட்டியலை அனுப்ப மாற்று வழி ஏதேனும் வைத்திருக்கிறீர்களா?

மூன்றாவது வினாவுக்கு விடை இல்லாத சங்கங்கள், அடுத்த பண்டிகைக்கு முன் ஒரு கேபிளேனும் வாங்கி வைத்தல் நலம்.