பேன் தின்னும் மீன்

நார்வே நாட்டின் ஃபியோர்டு எனப்படும் குறுகிய கடற்கழிகளில், வலைக்கூண்டுகளுக்குள் சால்மன் மீன்கள் இலட்சக்கணக்கில் வளர்க்கப்படுகின்றன. நெருங்கி வாழும் இம்மீன்களைக் கடற்பேன் எளிதில் பற்றுகிறது. பெயர்தான் பேன், உண்மையில் அது இறாலுக்கும் நண்டுக்கும் உறவான ஓட்டுடலி. மீனின் கோழையையும் தோலையும் குருதியையும் உண்டு புண்ணாக்கும். கூண்டில் பெருகும் பேன், ஆற்றிலிருந்து முதன்முறையாகக் கடல்புகும் காட்டுச் சால்மன் குஞ்சுகளையும் விடுவதில்லை. எனவே, மீனொன்றுக்குச் சராசரியாக 0.5 முதிர்ந்த பெண்பேனுக்குமேல் இருத்தலாகாது என அந்நாட்டு விதி வரையறுக்கிறது. குஞ்சுகள் கடல்புகும் இளவேனிலில் அவ்வரம்பு 0.2 ஆகக் குறையும்.

மருந்துகளைத் தாங்கும் ஆற்றலைப் பேன்கள் பெற்றுவிடவே, பண்ணையாளர் துப்புரவு மீன்களைப் பெரிதும் நாடினர். ராஸ் என்னும் சிறுமீன், சால்மனின் உடலில் ஒட்டிய பேனைக் கொத்தித் தின்னும். நீர் குளிர்ந்தால் அது சோர்ந்துவிடும். அப்போது குளிர்தாங்கும் லம்ப் மீன் அப்பணியைத் தொடரும். லம்ப் மீன் வயிற்றுப்புற உறிஞ்சியால் எதையேனும் பற்றி ஓய்வெடுக்கும் இயல்புடையது. அதற்காகக் கூண்டினுள் செயற்கைக் கடற்பாசி தொங்கவிடப்படுகிறது.

ஆயினும், வலுவாக நீந்தும் சால்மனுக்கு உகந்த நீரோட்டம், நீந்துவதில் வலுவற்ற லம்ப் மீனுக்கு உகந்ததன்று. நோயும் காயமும் அவற்றை வாட்டுகின்றன. அந்நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பண்ணைகளில் திரட்டிய தகவலின்படி, ஏறத்தாழ 40 விழுக்காடு துப்புரவு மீன்கள் கூண்டிலேயே மடிந்தன.