அளந்த நீரும் அளவில்லா மூச்சும்

நுழையும்முன்

நோய் உடலை மட்டும் பற்றுவதில்லை. நோயுற்றவரின் நாள்களையும் உறவுகளையும் எண்ணங்களையும் சேர்த்தே பற்றுகிறது. சிறுநீரகச் செயலிழப்பு அத்தகைய நோய்களுள் ஒன்று. குருதியைத் தூய்மை செய்யக் கருவி இருக்கிறது. அக்கருவியின் அருகே மணிக்கணக்கில் கிடக்கும் மனிதரின் மனத்திற்கு என்ன இருக்கிறது? இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இப்பாடம்.

நீர்வளம் மிக்க நிலம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீர், அணை கட்டித் தேக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895ஆம் ஆண்டில் கிழக்கே திருப்பப்பட்டது. அதன்பின் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனப் பள்ளத்தாக்கு நெடுகிலும் நெல்லும் வாழையும் தென்னையும் செழித்தன. இங்கு விளையும் கம்பம் பன்னீர் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தேனி மாவட்டத்தின் பெருமைகளை எண்ணுவோர் முதலில் நினைப்பது இந்த நீரையும் இந்த விளைச்சலையுமே.

இத்தகைய மண்ணில் பிறந்து, வாய்க்கால் நீரில் கால் நனைத்து வளர்ந்த உழவர் ஒருவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டதாக எண்ணிப் பார்க்கலாம். அவர் இனித் தாகத்திற்கு ஏற்ப நீர் அருந்த இயலாது. தேநீர், மோர், குழம்பு, ரசம் ஆகியவற்றில் உள்ள நீரையும் கூட்டி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவில் நிறுத்திக்கொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்துவார். பொட்டாசியம் மிகுந்திருப்பதால் வாழைப்பழத்தையும் இளநீரையும் விலக்க வேண்டும். தம் கையால் நட்டு வளர்த்த மரத்தின் காயும் கனியும் அவருக்கே விலக்கப்பட்டவை ஆகின்றன. நோயின் துன்பத்தோடு இத்தகைய இழப்புகளும் அவர் மனத்தில் சேர்கின்றன.

சிறுநீரகமும் கருவியும்

மனிதரின் இரு சிறுநீரகங்களிலும் ஏறத்தாழ 20 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. உடலுக்குத் தேவையானவற்றை மீண்டும் உறிஞ்சிக்கொண்டு, கழிவை மட்டும் ஒன்றரை லிட்டர் அளவில் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இரவு பகல் பாராது நடைபெறும் இப்பணியை, நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. சிறுநீரகம் பெரும்பகுதி பழுதான பின்னரே பலருக்கு நோய் தெரியவருகிறது.

பழுதான சிறுநீரகத்தின் பணியைப் புறத்தே இருந்து செய்யும் முறையே குருதித் தூய்மிப்பு. மக்கள் வழக்கில் இது டயாலிசிஸ் எனப்படுகிறது. கையில் உள்ள தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய வழியில் ஊசிகள் செருகப்படுகின்றன. குருதி குழாய் வழியே வடிகலனுக்குச் சென்று, கழிவும் மிகை நீரும் நீங்கி உடலுக்குத் திரும்புகிறது. ஒருமுறைக்கு நான்கு மணி நேரம் என, வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை இது நடைபெற வேண்டும். ஒருமுறை செய்யும் தூய்மிப்பில் கருவியின் ஊடாக ஏறத்தாழ 120 லிட்டர் தூய நீர்மம் பாய்கிறது. அத்தனை நீரும் அருகிலேயே ஓட, இருக்கையில் சாய்ந்திருப்பவரோ வறண்ட நாவுடன் தமக்குரிய ஒரு லிட்டரைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பார்.

தெரிந்து தெளிவோம்

நெதர்லாந்து நாட்டின் காம்பென் நகர மருத்துவர் வில்லெம் கோல்ஃப், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1943ஆம் ஆண்டு செயற்கைச் சிறுநீரகக் கருவியை உருவாக்கினார். சுழலும் உருளையின்மேல் சுற்றப்பட்ட செலோபேன் குழலே அதன் வடிகட்டி. தொடக்கத்தில் சிகிச்சை பெற்ற பலரைக் காப்பாற்ற இயலவில்லை. 1945ஆம் ஆண்டில் 67 வயதுப் பெண்மணி ஒருவர் அக்கருவியால் உயிர் பிழைத்தார்.

மனத்தின் சுமை

குருதித் தூய்மிப்பு உயிரைக் காக்கிறது. அதற்கு ஈடாக வாழ்க்கையின் ஒழுங்கை முற்றிலும் மாற்றிவிடுகிறது. கூடலூர்ப் பகுதியிலிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதெனில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். பயணமும் காத்திருப்பும் சிகிச்சையும் சேர்ந்து ஒரு பகலை விழுங்கிவிடுகின்றன. நாட்கூலி பெறுபவருக்கு அன்றைய வருமானம் இல்லை. துணைக்கு வரும் மனைவிக்கோ மகனுக்கோ அதுவும் இல்லை. அரசின் காப்பீட்டுத் திட்டமும் 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டமும் சிகிச்சைச் செலவைத் தாங்குகின்றன. ஆயினும், "வீட்டிற்குச் சுமையாகிவிட்டேனே" என்னும் எண்ணத்தை எந்தத் திட்டமும் தாங்கிக்கொள்வதில்லை.

இவ்வெண்ணம் வேரூன்றும்போது மனச்சோர்வாகிறது. அடுத்த முறை குருதியழுத்தம் தாழுமோ, ஊசி பிசகுமோ, கருவி நின்றுவிடுமோ என்னும் அச்சம் மனப்பதற்றமாகிறது. முறையான நேர்காணல் வழியே கணித்த ஆய்வுகளின்படி, குருதித் தூய்மிப்புப் பெறுவோருள் நால்வரில் ஒருவர் அளவிற்கு மனச்சோர்வுடையவர். ஆயினும் அது எளிதில் கண்டறியப்படுவதில்லை. களைப்பு, பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை சிறுநீரக நோய்க்கும் அறிகுறிகள்; மனச்சோர்விற்கும் அவையே அறிகுறிகள். "நோயாளி என்றால் சோர்வு இருக்கத்தானே செய்யும்" என்று சுற்றத்தார் விட்டுவிடுவர். கவனிக்கப்படாத மனச்சோர்வோ மருந்தை மறக்கவும் உணவுக் கட்டுப்பாட்டைக் கைவிடவும் சிகிச்சை நாளைத் தவறவிடவும் செய்யும். இவ்வாறு மனத்தின் நோய் உடலின் நோயை வளர்க்கும்.

இருக்கையிலேயே ஒரு பயிற்சி

மூச்சைக் கவனித்து மனத்தை ஒருமைப்படுத்தும் நெறி தமிழருக்குப் புதிதன்று. திருமூலர் இயற்றிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் மூச்சுப் பயிற்சியையும் தியானத்தையும் உள்ளிட்ட எண்வகை யோகத்தை விளக்குகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட் ஜின் என்பார், 1979ஆம் ஆண்டில் தியானத்தைச் சமயச் சார்பற்ற பயிற்சியாக வடிவமைத்து, நாட்பட்ட வலியுடையோருக்குக் கற்பித்தார். நிகழும் கணத்தைத் தீர்ப்புக் கூறாமல் கவனித்தலே அதன் அடிப்படை.

குருதித் தூய்மிப்புப் பெறுபவருக்கு இப்பயிற்சியில் ஒரு வசதி உண்டு. தனியிடமோ தனிநேரமோ அவர் தேட வேண்டியதில்லை. ஊசி செருகிய கை அசையாதிருக்க, சாய்ந்த நிலையிலேயே கண்களை மூடலாம். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே செல்வதையும் வலிந்து மாற்றாமல் கவனிக்கலாம். சிறிது நேரத்தில் மனம் தாகத்திடம் ஓடும்; கடனிடம் ஓடும்; மகளின் திருமணத்திடம் ஓடும். ஓடியதை அறிந்தவுடன் சினமின்றி மூச்சிற்கு அழைத்துவர வேண்டும். நூறு முறை ஓடினாலும் நூறு முறை அழைத்துவருதலே பயிற்சி. எண்ணங்களை அணை கட்டி நிறுத்துதல் இதன் நோக்கமன்று. பெரியாற்று நீரைப்போல் அவற்றின் திசையை மாற்றுதலே நோக்கம்.

தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். மூச்சை அடக்குதலும் விரைவாக இழுத்து விடுதலும் கூடா. பயிற்சியின்போது தலைச்சுற்றலோ தசைப்பிடிப்போ நெஞ்சுவலியோ தோன்றினால், தியானம் கலையுமே எனப் பொறுத்திருக்கலாகாது. உடனே செவிலியரை அழைக்க வேண்டும். அவை மருத்துவத்தால் தீர்க்க வேண்டிய குறிகள்.

ஆய்வு கூறுவது

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நிகழ்ந்த ஆய்வொன்று 2017ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மனச்சோர்வு அல்லது மனப்பதற்ற அறிகுறிகளுடன் குருதித் தூய்மிப்புப் பெற்றுவந்த 41 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பிரிவினர்க்குச் சிகிச்சை இருக்கையிலேயே, வாரம் மூன்று முறை, பத்து முதல் பதினைந்து நிமிட அளவில், எட்டு வாரங்கள் தியானம் கற்பிக்கப்பட்டது. மற்றவர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். இருக்கையில் அமர்ந்தே பயிலுதல் இயலக்கூடியது என்பதும், நோயாளிகள் அதனை நன்கு ஏற்றுக்கொண்டனர் என்பதும் தெரியவந்தன. ஆனால் மனச்சோர்வு, மனப்பதற்றம் ஆகியவற்றின் அளவீடுகளில் இரு பிரிவினர்க்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவு தரும் பாடம் தெளிவானது. தியானம் தீங்கற்றது, செலவற்றது, கற்க எளியது. ஆயினும் அது எல்லா மனநோயையும் தீர்க்கும் மருந்தன்று. தியானம் பழகியும் சோர்வு நீங்காதவர் தம் முயற்சி குறைவென்று தம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. மனச்சோர்விற்கு மனநல ஆலோசனை உண்டு, மருந்தும் உண்டு. சிறுநீரகத்தின் நிலையறிந்து அவற்றைத் தருவதற்கு மருத்துவர் உள்ளனர். வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் எழுமாயின், காலம் தாழ்த்தாது மருத்துவரை நாட வேண்டும். டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் அழைக்கத்தக்கது.

மருத்துவத்தின் நான்கு கூறுகள்

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. நோயுற்றவரை மருத்துவத்தின் முதற்கூறாக வள்ளுவர் வைத்திருப்பது எண்ணத்தக்கது. சிகிச்சையைப் பெறுபவர் மட்டுமல்லர் அவர். சிகிச்சையில் பங்குகொள்பவரும் ஆவார். குருதியைக் கருவி தூய்மை செய்யும் நேரத்தில் தம் மனத்தைத் தாமே கவனிக்கும் நோயாளி, அந்தப் பங்கினை ஏற்கிறார். கருவியிடம் உடலை ஒப்படைத்துவிட்ட உணர்வில் தவிப்பவருக்கு, தம்மால் செய்யத்தக்க ஒன்று எஞ்சியுள்ளது என்னும் தெளிவே ஆறுதலாகும்.

நான்காம் கூறாகிய பேணுபவரின் கடமையும் பெரிது. "ஒன்றும் ஆகாது" என்று விரைந்து கூறும் ஆறுதலைவிட, "இன்று எப்படி இருந்தது?" என வினவி முழு விடையையும் பொறுமையுடன் கேட்டல் பயன் தரும். மருத்துவமனையிலிருந்து மாலையில் களைத்து வரும் தந்தையின் அருகே அமர்ந்து பத்து நிமிடம் அவருடன் மூச்சைக் கவனிக்கும் பிள்ளையும் மருத்துவத்தின் ஒரு கூறே.

சிறுநீரகம் செயலிழந்தவரின் வாழ்வில் நீருக்கு அளவு உண்டு. உப்பிற்கு அளவு உண்டு. கனிக்கும் காய்க்கும் அளவு உண்டு. அளவு கூறப்படாமல் அவருக்கு எஞ்சியிருப்பது மூச்சு ஒன்றே. எவரிடமும் கேளாமல், எவருக்கும் கடன்படாமல், நான்கு மணி நேரமும் உடனிருக்கும் துணை அது. நோயை அது நீக்காது. நோயோடு வாழும் நாள்களில் மனத்தைத் தனித்து விடாது.

கற்பவை கற்றபின்

1. "நோயுற்றவரும் மருத்துவத்தின் ஒரு கூறு" என்னும் கருத்தினைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.

2. தியானத்தின் பயனையும் அதன் எல்லையையும் மாண்ட்ரியல் ஆய்வின் வழியே நீவிர் அறிவன யாவை?

3. நீண்டநாள் சிகிச்சை பெறும் உறவினர் ஒருவருக்கு, அறிவுரை கூறாமல் அவர்தம் மனத்தைக் கேட்டறியும் வகையில் ஒரு மடல் எழுதுக.