பஞ்சரான சைக்கிளில் ஏறிச் செல்லலாமா?



இது மிகச் சிறிய பொருளைப் பற்றிய பாடம் என்று தள்ளிவிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம். சைக்கிளை நம்பியே விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் ஒரு தொழிலாளிக்கு, நடுவழியில் சக்கரம் காற்றிழந்து தரையைத் தட்டுமாயின், அது அன்றைய கூலியைப் பற்றிய விஷயமாகிவிடுகிறது. இறங்கித் தள்ளுவதா, ஏறியே செல்வதா என்பதை அவர் அரை நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். அந்த அரை நிமிடத்துக்கு வேண்டிய அறிவை, வீட்டில் ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே தேடிக்கொள்வது நன்றன்றோ?

புனே நகரம், நம் பெற்றோர் பூனா என்றழைத்த நாட்களில், சைக்கிள்களின் நகரம் என்றே பெயர் பெற்றிருந்தது. மாணவரும், குமாஸ்தாக்களும், ஆலைத் தொழிலாளரும் அதிலேயே சென்றனர். 1869இல் தோன்றிய கிர்க்கி வெடிபொருள் தொழிற்சாலையும், தேஹு ரோட்டிலுள்ள இராணுவக் கிடங்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை இப்பக்கம் வரவழைத்தன. 1954 டிசம்பர் 25ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவிய தேஹு ரோடுதான் அது. அங்கிருந்து பழைய பம்பாய்–பூனா சாலை நிகடி, ஆகுர்டி, சிஞ்ச்வாட், பிம்ப்ரி, காஸர்வாடி, தாபோடி என்று வந்து, முளா நதியை ஹாரிஸ் பாலத்தின் வழியே கடந்து, இன்று கட்கி எனப்படும் கிர்க்கியைச் சேர்கிறது. நாம் பேசப்போவது இச்சாலையில் நமக்கே நேர்ந்த ஒன்றைப் பற்றியே.

ஒரு நாள் காலை, தாபோடிக்குச் சற்று முன்னர், பின்சக்கரம் காற்றிழந்தது. வேலையிடத்துக்கு இன்னும் சுமார் 3 கிலோமீட்டர் இருந்தது. சங்கு ஊதியபின் வருபவருக்கு அரை நாள் கூலி இல்லை என்பது அவ்விடத்து விதி. பஞ்சர்க் கடை எதுவும் அந்நேரத்தில் திறந்திருக்கவில்லை. நாம் அதிகம் சிந்திக்காமல் ஏறி மிதித்தோம். பாலத்தின் மேல் சக்கரம் கடகடவென்று அடித்தது, பின்னால் வந்தவர்கள் மராத்தியில் கூவி எச்சரித்தனர், நாம் நிற்கவில்லை. சங்குக்கு முன்பே வாயிலைக் கடந்துவிட்டோம். அன்று மாலை பழுது பார்ப்பவர் டியூபை வெளியில் எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் எம் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். காலையில் ஒரு முள் துளை மட்டுமே இருந்த டியூபில் இப்போது ஜோடி ஜோடியாகக் கிழிசல்கள். வால்வின் அடிப்பாகம் பிய்ந்து தொங்கியது. டயரின் பக்கச் சுவரில் நூல்கள் அறுந்திருந்தன. ரிம் ஓரிடத்தில் உட்பக்கமாக மடிந்திருந்தது. காப்பாற்றிய அரை நாள் கூலியைப் போல் மூன்று மடங்கு அவரிடம் கொடுக்க நேர்ந்தது.

இவ்வளவு கேடு எவ்வாறு விளைந்தது என்பதைக் காண்போம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் பாதிக்கு மேற்பட்ட பாரம், ஏறத்தாழ 50 கிலோ, பின்சக்கரத்தின்மேல் விழுகிறது. அப்பாரத்தைத் தாங்குவது ரப்பர் அன்று. உள்ளே அடைபட்ட காற்றே தாங்குகிறது. சதுர அங்குலத்துக்கு 45 பவுண்டு அழுத்தத்தில் காற்று இருந்தால், தரையைத் தொடும் இரண்டரைச் சதுர அங்குல ரப்பரே போதும். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காப்புரிமை பெற்ற காற்று டயரின் இரகசியம் இதுவே. காற்று வெளியேறியதும் அந்த 50 கிலோவும் ரிம்மின் இரண்டு விளிம்புகள்மேல் இறங்குகிறது. விளிம்புக்கும் சாலைக்கல்லுக்கும் நடுவே டயரும் டியூபும் அகப்படுகின்றன. இரு விளிம்புகளும் இருபுறமும் வெட்டுவதால்தான் கிழிசல்கள் ஜோடியாக உண்டாகின்றன. மேலும், காற்றில்லாத டயர் ரிம்மின்மேல் மெல்ல நழுவிச் சுற்றும். டியூப் அதனுடன் இழுபட, வால்வோ ரிம்மின் துளையில் சிக்கி நிற்க, அடிப்பாகம் பிய்கிறது. ஒட்டுப் போட முடியாத இடம் அதுதான்.

இனி நேரக் கணக்கைப் பார்ப்போம். வண்டியைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கலாம். 3 கிலோமீட்டருக்கு 36 நிமிடம். காற்றில்லாத சக்கரத்தில் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் மிதிப்பது அரிது. அப்படியானால் 22 நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஆக, டியூபையும் டயரையும் ரிம்மையும் பணயம் வைத்து நாம் வாங்கியது 13 நிமிடம்! வண்டியைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகச் சென்றிருந்தால் அதே நேரத்தில் சேர்ந்திருப்போம். இன்னொரு வழியும் உண்டு. லோணாவளா–புனே லோக்கல் ரயில் பிம்ப்ரி, காஸர்வாடி, தாபோடி, கட்கி ஆகிய எல்லா இடங்களிலும் நிற்கிறது; வண்டியைப் பூட்டிவிட்டு அதில் ஏறலாம். இவையெல்லாம் அன்று நம் புத்திக்கு எட்டவில்லை. ஏறியே செல்பவர்களில் பலர் அவசரத்தால் மட்டும் அவ்வாறு செய்வதில்லை. சைக்கிளைத் தள்ளிச் செல்வதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சமும் அதில் கலந்திருக்கிறது என்பது எமது எண்ணம்.

நிற்க. எல்லாக் காற்றிழப்பும் ஒன்றல்ல. இறங்கியவுடன் பம்பினால் காற்றடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து, பத்து நிமிடம் காற்று நின்றால், சிறிது தூரம் சென்று, இறங்கி மறுபடியும் அடித்து, இப்படியே கடை வரையில் போகலாம்; இதனால் சக்கரத்துக்குக் கேடில்லை. முள் தைத்திருப்பது கண்ணில் பட்டால், உடனே பிடுங்கிவிடக் கூடாது; அதுவே துளையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். சில வேளைகளில் முள்ளே இராது. வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர்க் குழாய், நம்மவர் வால்டியூப் என்பது, நைந்து போயிருக்கும். வால்வின் வாயில் எச்சில் தடவினால் குமிழி எழுந்து காட்டிக் கொடுத்துவிடும். சில அங்குல வால்டியூப் பையில் இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

அடித்த காற்று அப்போதே போய்விடுமானால் ஏறக் கூடாது. முன்சக்கரமாயின் எக்காரணத்தாலும் ஏறக் கூடாது. ஹாண்டில் சொன்னபடி திரும்பாது. வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று முன்கவைக்குள் சிக்கினால் ஆள் தலைகுப்புற விழுவார். லாரிகள் ஓயாத சாலையில் அதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. பின்சக்கரமாயின் ஒரே ஒரு விலக்கு உண்டு: உயிருக்கு ஆபத்தான வேளை. நோயாளிக்கு மருத்துவரை அழைக்க வேண்டும், அல்லது இருட்டில் நிற்கத் தகாத இடம் என்றால், பின்னிருக்கைச் சுமையை இறக்கிவிட்டு, உடலை முன்னே சாய்த்து, கற்களை விலக்கி மெதுவாகச் செல்லலாம். டயரும் டியூபும் போயின என்று அப்போதே கணக்கெழுதிவிட வேண்டும்.

இக்காலத்து இளைஞர் இதில் எளிதாக ஏமாறுகின்றனர். அவர்கள் ஓட்டும் மோட்டார் சைக்கிள்களில் பல டியூப் இல்லாத டயர் கொண்டவை. ஆணி ஏறினாலும் காற்று மெல்லவே இறங்கும். வீடு வரை வந்துவிடலாம். அந்தப் பழக்கத்தில் தந்தையின் பழைய சைக்கிளையும் அவ்வாறே மிதிக்கின்றனர்.

ஒட்டுப் போடுவதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டு லீவர்களால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை இழுத்து, காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி துளையைக் காட்டும். அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகே ஒட்டை அழுத்த வேண்டும். பொறுமையில்லாமல் ஈரத்திலேயே ஒட்டுபவர் மறுநாளும் இறங்கித் தள்ளுவார். அதைவிடப் பெரிய பிழை, முள்ளை மறப்பது. டியூபைத் திரும்ப நுழைக்குமுன் டயரின் உட்புறத்தைத் துணி சுற்றிய விரலால் முழுச் சுற்றும் தடவிப் பார்க்க வேண்டும். இப்பக்கத்துச் சாலையோரங்களில் கருவேல முள்ளும் நெருஞ்சியும் மிகுதி. முனை மட்டும் உள்ளே ஒடிந்து நின்று, புது ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடியும் குத்தும். எமது டயரிலும் அவ்வாறே அரை அங்குலக் கருவேல முள் ஒன்று மாலை வரை இருந்தது. பழுது பார்த்தவர் அதைக் குறடால் பிடுங்கி, ரசீதுடன் சேர்த்து எம் கையில் வைத்தார்.