கடைசி எண் என்ன?

ஒரு வகுப்பின் வருகைப் பதிவேட்டில் கடைசி எண் 45. ஆண்டின் நடுவில் இருவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றுவிட்டனர். இப்போது வகுப்பில் 43 பேர். பதிவேட்டிலோ 45 வரிகள். இவ்விரண்டும் வேறுவேறு என்பதை நினைவில் வையுங்கள். கணிப்பொறியிலும் இதே சிக்கல் உண்டு.

நாம் எழுதும் புரோகிராம் நினைவுத் தட்டை நேரடியாகத் தொட இயலாது. இயக்க அமைப்பின் மையப் பகுதியான கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதற்கு 'சிஸ்டம் கால்' என்று பெயர். கெர்னல் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. 64 பிட் எக்ஸ்86 கணிப்பொறிகளில் ஓடும் லினக்ஸில் படிக்க 0, எழுத 1, கோப்பைத் திறக்க 2, மூட 3. கெர்னலில் உள்ள அட்டவணையில் அந்த எண்ணுக்குரிய இடத்தில் ஒரு முகவரி இருக்கும்; 2024 வரை கட்டுப்பாடு அந்த முகவரிக்கே தாவியது.

ஒருவர் 9999 என்று கேட்டால்? அட்டவணையைத் தாண்டிய இடத்தில் என்ன கிடக்கிறதோ யார் கண்டார்! ஆகவே தாவுமுன், கேட்ட எண் எல்லையைவிடச் சிறியதா என்று கெர்னல் சரிபார்க்கிறது. அந்த எல்லை, தலைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. முன்பு அதைக் கையால் எழுதினார்கள். புதிய அழைப்பைச் சேர்த்தவர் இந்த வரியைத் திருத்த மறந்தால், புதிய அழைப்பு இருந்தும் இல்லாததாகிவிடும். '-38', அதாவது 'அப்படி ஒரு பணி இல்லை' என்ற விடையே வரும். எல்லையைக் கூட்டி எழுதிவிட்டாலோ அதைவிட ஆபத்து.

மனிதனின் மறதியை வேலையிலிருந்தே விலக்க ஓர் அழகான தந்திரம் செய்தார்கள். ஒவ்வோர் அழைப்பு எண்ணுக்கும் ஒரு பைட் வீதம் ஓர் அணியை அறிவித்தார்கள். எண்கள் 0-இல் தொடங்குவதால், மிகப் பெரிய எண் 3 என்றால் அணியின் அளவு 4 பைட். கம்பைலரிடம் அணியின் அளவைக் கேட்டால் எல்லை கிடைத்துவிடும்! யாரும் எண்ண வேண்டியதில்லை.

2012-இல் வெளிவந்த லினக்ஸ் 3.3 முதல், 64 பிட் எக்ஸ்86-க்கான அழைப்புகள் யாவும் ஒரே பட்டியல் கோப்பில் உள்ளன. கெர்னலைக் கட்டும்போது சிறு புரோகிராம்கள் அதைப் படித்துத் தலைப்புக் கோப்பையும் அட்டவணையையும் தாமே எழுதுகின்றன.

பட்டியலின் வரிகளை எண்ணினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. 2019-இல் பல வகைக் கணிப்பொறிகளுக்கும் புதிய அழைப்புகளுக்கு ஒரே எண் தர முடிவு செய்தபோது, 64 பிட் எக்ஸ்86 வரிசை 334-இலிருந்து நேரே 424-க்குத் தாவியது. இடையில் காலி இடங்கள். அவற்றைக் கேட்டாலும் -38 தான் விடை. ஆகவே எல்லை என்பது அழைப்புகளின் எண்ணிக்கையன்று. கடைசி எண்ணுடன் 1.

நீங்களே செய்து பாருங்கள்: பட்டியலில் 0, 1, 2, 5 மட்டும் உள்ளன. அணியின் அளவு எத்தனை பைட்? வரிகளை எண்ணி எல்லை வகுத்தால் எந்த அழைப்பு மறுக்கப்படும்?