புழு மனைக்கு ஒரு சூட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி

மார்கழி வந்துட்டா தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் ராத்தூக்கம் கிடையாது. விடியக்காலம் மனைக்குள் குளிர் இறங்கினால் புழு தழையைச் சரியாகத் தின்னாது. வளர்ப்பு நாள் கூடும், தோலுரிப்பு ஒன்றுபோல வராது, கூடு லேசாகி அங்காடி ஏலத்தில் விலை இறங்கும். இதற்குப் பயந்து கரி அடுப்பை உள்ளே வைக்கிறோம். பூட்டின மனையில் கரி விடுகிற நச்சுக்காற்றுக்கு வாசம் கிடையாது. காவலுக்குப் படுத்திருக்கிற ஆளையே கொன்றுவிடும். புழுவை விடுங்கள், முதலில் அந்த அடுப்பை வெளியே எடுங்கள்.

முதல் பருவப் புழுவுக்கு 28 டிகிரி, இரண்டாவதுக்கு 27, மூன்றாவதுக்கு 26, நாலாவதுக்கு 25, ஐந்தாவதுக்கு 24. புழு வளர வளரச் சூடு குறையணும். நம்மில் பலர் இளம்புழு மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவைத்தான் வாங்குகிறோம். அப்படியானால் நமக்கு வேண்டியது 26-லிருந்து 24 வரைதான்.

இதைக் காக்க டபிள்யூ 1209 என்ற சின்னப் பலகை போதும். எலக்ட்ரானிக் கடையில் சொன்னால் எடுத்துத் தருவார்கள். கூடவே 12 வோல்ட் அடாப்டர், ஒரு கான்டாக்டர், ஹீட்டர். அடாப்டர் ஒயர் இரண்டும் பலகையின் 12 வோல்ட், கிரவுண்ட் முனைகளில். கே0, கே1 என்பவை வெறும் சுவிட்சு முனைகள். 1000 வாட் ஹீட்டர் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை இந்தக் குட்டி ரிலேயில் நேராக மாட்டாதீர்கள். ரிலே கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் ஹீட்டரை இயக்கட்டும். 230 வோல்ட் வேலையை எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். எர்த் இல்லாமல் ஈர மனையில் ஹீட்டர் வேண்டவே வேண்டாம்.

செட் பொத்தானை ஒருமுறை தட்டினால் எண் மினுங்கும். கூட்டல், கழித்தல் பொத்தானால் 25 வையுங்கள். ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் பி0 வரும். அதில் 'சி' இருந்தால் குளிர்விக்க, 'எச்' சூடாக்க. எச் வையுங்கள். பி1-இல் 2 இருக்கும், 1 ஆக்குங்கள். 25-இல் ஹீட்டர் அணையும், 24-க்கு இறங்கினால் மறுபடி பிடிக்கும். இன்னும் சின்னதாக வைத்தால் கான்டாக்டர் ஓயாமல் அடித்துத் தேய்ந்துபோகும். நல்ல தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பி4-இல் சரிக்கட்டலாம்.

சென்சார் வைக்கிற இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். சுவரில் ஒட்டினால் சுவரின் குளிரைச் சொல்லும், ஹீட்டர் முன்னால் வைத்தால் பொய் சொல்லும். புழு இருக்கிற நடுத்தட்டின் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

இன்னொன்று: கான்டாக்டர் சிலசமயம் ஒட்டிக்கொள்ளும். அப்போது ஹீட்டர் அணையாமலே எரியும், விடிவதற்குள் புழு வெந்துவிடும். அதனால் இரண்டாவது பலகை ஒன்றை அதற்கென்று தனிக் கான்டாக்டரோடு அதே ஹீட்டர் லைனில் தொடராகப் போட்டு 29-இல் வையுங்கள். முதலாவது ஒட்டினாலும் இது அறுத்துவிடும். செலவைப் பார்த்து இதை விட்டுவிடாதீர்கள்.

புழு இறக்குவதற்கு முன் ஒரு ராத்திரி வெறும் மனையில் ஓட்டி, மணிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து வையுங்கள். ஹீட்டர் காற்றை உலர்த்தும், தழை வாடும். ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். தோலுரிக்கிற நேரத்தில் மட்டும் சாக்கை எடுத்துவிடணும். கரண்ட் போனால் இது வெறும் டப்பாதான், சன்னல் படுதா தயாராக இருக்கட்டும். சித்திரையில் ஹீட்டரைக் கழற்றி மின்விசிறியை மாட்டி, பி0-ஐ சி ஆக்கினால் அதே பெட்டி வெயிலுக்கும் உதவும்.